உழக்கரிசிச் சோறும் ஒரு துண்டு மீனும்

கேப்பைக் கூழ், அதாவது கேழ்வரகுக் கூழ், குடித்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தேன். சுகர் மீட்டரில் 231 என்று வந்தது. கையைச் சரியாகக் கழுவாமல் குத்திவிட்டேனோ என்று சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த விரலில் குத்தினேன். 226. திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாக ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுக் கூழைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன், சுகருக்குக் கேப்பைதான் நல்லது என்று சொல்லாத ஆள் ஊரில் இல்லை, அப்பத்தா காலத்துச் சாப்பாடு என்று எனக்கும் அதன் மேல் ஒரு பாசம். அன்றைக்குத்தான், நான் எதைத் தின்கிறேன் என்று எனக்கே தெரியாது என்பது புரிந்தது.

கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. பதினான்கு வருஷமாக ரேஷன் கடையில் வேலை. அரிசி நிறுப்பதே பிழைப்பு. 2011 ஜூனில் இருந்து இலவசமாகக் கொடுக்கும் அரிசியை எங்கள் ஊரில் எத்தனை வீட்டுக்கு நிறுத்துப் போட்டிருப்பேன் என்று கணக்குச் சொல்ல முடியாது. எந்த வீட்டில் மாதக் கடைசியில் அரிசி தீர்கிறது, எந்த வீட்டில் பருப்பு வாங்காமல் அரிசியை மட்டும் வாங்கிப் போகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் தட்டில் எவ்வளவு விழுகிறது என்பது மட்டும் 2019 வரை தெரியாது.

அந்த வருஷம் காலில் கருவ முள் குத்தியது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு சீமைக்கருவேல முள் குத்துவது ஒரு விஷயமே இல்லை, பிடுங்கிப் போட்டுவிட்டு நடப்போம். இது ஆறவில்லை. மூன்று வாரம் ஆகியும் சீழ் வைத்தது. கட்டுப் போடப் போன இடத்தில் நர்ஸ் சந்தேகப்பட்டுக் குத்திப் பார்த்தார், 342. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை, 6.5 வந்தாலே சர்க்கரை நோய் என்பார்கள், எனக்கு 10.1. வயது 41.

முதலில் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். மாத்திரையோடு ஒரு அச்சடித்த தாளும் தந்தார்கள். சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், கிழங்கு எல்லாம் சிவப்பு மையில். பச்சை மையில் ஓட்ஸ், பிரவுன் பிரெட், புரோக்கோலி, ஆலிவ் எண்ணெய். எங்கள் ஊர்ச் சந்தையில் புரோக்கோலியை நான் இன்று வரை கண்ணால் பார்த்ததில்லை. அந்தத் தாளை எழுதியவர் என் வீட்டில் என்ன உலை கொதிக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று இப்போதும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். பயம் வந்துவிட்டதால் நான் எதுவும் யோசிக்கவில்லை. அடுத்த நாளே சோற்றை நிறுத்தினேன். காலையில் கொஞ்சம் ஓட்ஸ், மதியம் இரண்டு வெள்ளரிக்காயும் மோரும்.

ஐந்தாம் நாள் கடையில் கூட்டம். தராசு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், சட்டை முழுக்க வியர்த்து ஊற்றியது, கை நடுங்கியது, தராசில் எரியும் நம்பர் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. என்ன கேட்டாலும் பதில் வரவில்லை. வரிசையில் நின்ற ஒரு ஆத்தாதான் கண்டுபிடித்தார். "தம்பி, சீனி மூட்டையில இருந்து ஒரு கை அள்ளி வாயில போடுய்யா, எங்க வீட்டுக்காரருக்கு இப்படித்தான் வரும்" என்று சத்தம் போட்டு, அவரே அள்ளித் திணித்தார். கால் மணி நேரத்தில் உலகம் நேரானது.

இது ஏன் நடந்தது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எனக்குக் கொடுத்திருந்த மாத்திரைகளில் ஒன்று கிளிமிபிரைடு. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அதற்குத் தெரியாது. கிளிபென்கிளமைடும் அப்படித்தான், ஊசியில் போடும் இன்சுலினுக்கும் நாம் சாப்பிட்டோமா என்று தெரியாது. மெட்பார்மின் மட்டும் தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை 70க்குக் கீழே போய்விடலாம். போனால் மூன்று டீஸ்பூன் சீனி, அதாவது 15 கிராம் அளவுக்கு, தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். அதே சமயம், சோற்றைக் குறைக்கப் போகிறேன் என்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும், அவர் மாத்திரையைச் சரிசெய்வார். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

என் மச்சான், அக்கா வீட்டுக்காரர், நாட்டுப்படகில் போகிறவர். அவருக்கும் சுகர். விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்பும்போது மாத்திரையைப் போட்டுவிட்டு, வலை இழுத்து முடித்து ஒன்பது மணிக்கு மேல்தான் தூக்குவாளியைத் திறப்பார். நடுவில் தலை சுற்றுகிறது என்றால் பித்தம் என்பார். கடலில் நடுங்கினால் பிடிக்க ஆள் இல்லை. நான் அழாத குறையாகச் சொன்ன பிறகு டாக்டரிடம் போய் நேரத்தை மாற்றி வாங்கினார், இப்போது மடியில் ஒரு சின்ன டப்பாவில் சீனி இல்லாமல் படகில் ஏறுவதில்லை.

சரி, கூழுக்கு வருகிறேன். மயங்கிய கதைக்குப் பிறகு நான் போனது அரசு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்த டாக்டரம்மா தாள் எதுவும் தரவில்லை. ஒரு வாரம் என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு சாப்பிடுகிறாய் என்று எழுதிக்கொண்டு வா, முடிந்தால் ஒரு மீட்டர் வாங்கு என்றார். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் 180க்குள் இருக்கப் பார் என்றும் சொன்னார். ஸ்டிரிப் விலையைப் பார்த்தால் தினமும் குத்த முடியாது, வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டேன். ஒரு பழைய டைரியில் குறித்தேன். இட்லி ஆறும் தேங்காய்ச் சட்னியும் 248. சப்பாத்தி நான்கும் உருளைக்கிழங்கும் 219, அதைப் பார்த்து வீட்டில் அவள் நம்பவே இல்லை. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சீனியும் எழுதவே வேண்டாம். அப்புறம்தான் அந்தக் கூழ்.

ஏன் இப்படி என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன், கிடைத்ததை எல்லாம் படித்தும் பார்த்தேன். மாவுச்சத்து என்பது குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்து வைத்திருப்பது, அவ்வளவுதான். அரிசியில் இருந்தாலும் கோதுமையில் இருந்தாலும் கேப்பையில் இருந்தாலும் வயிற்றுக்குள் போனால் அந்தச் சங்கிலி அறுந்து குளுக்கோஸ்தான். எவ்வளவு வேகமாக அறுகிறது என்பதில்தான் வித்தியாசம். 1981இல் கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் இந்த வேகத்தை அளந்து உணவுகளை வரிசைப்படுத்திக் காட்டினார்கள், கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று இப்போது பாக்கெட்டுகளில் எல்லாம் போடுகிறார்களே, அது. முழுத் தானியமாக மென்று தின்றால் மெல்ல அறுகும். மாவாக அரைத்துத் தண்ணீர் ஊற்றிக் குழையக் காய்ச்சினால் வயிறு செய்ய வேண்டிய வேலையில் பாதியை அடுப்பே செய்துவிடுகிறது. கேப்பையை நாம் எப்போதும் மாவாக்கித்தான் சாப்பிடுகிறோம். நான் குடித்தது ஒரு செம்பும் இல்லை, இரண்டு செம்பு.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் 100 கிராம் அரிசிக்கு மாவுச்சத்து சுமார் 78 கிராம், கேழ்வரகுக்கு 67, கோதுமை மாவுக்கு 64, கம்புக்கு 62. பார்த்தீர்களா, பெரிய தூரம் இல்லை. நார்ச்சத்தில் வித்தியாசம் உண்டு, அரிசியில் 3 கிராம்கூட இல்லை, கேழ்வரகில் 11. சுண்ணாம்புச் சத்து கேழ்வரகில் ரொம்பவே அதிகம். கேப்பை நல்ல தானியம்தான், நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் ரேஷனில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள், எங்கள் மாவட்டத்துக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். ஆனால் சோற்றை நிறுத்திவிட்டு அதே வயிறு நிறைய கூழ் குடித்தால் எதுவும் மாறாது. இப்போது கேப்பை மாவில் முருங்கைக்கீரையை மாவுக்குச் சரிபாதியாகப் போட்டு அடை தட்டி, ஒன்றோ ஒன்றரையோ சாப்பிடுகிறேன். அதற்கு 160 பக்கம் வருகிறது.

கருப்பட்டியையும் சொல்லிவிட வேண்டும். பனங்காட்டுக்காரர்கள் நாங்கள், கருப்பட்டிக் காபி குடித்தால் சுகர் ஏறாது என்று சத்தியமே செய்வார்கள். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி, பதநீரின் இனிப்பு சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கிறது என்பதற்காக ரத்தம் அதைக் கண்டுகொள்ளாமல் விடாது. எங்கள் தெருவில் கருப்பட்டியை நம்பி விரலை இழந்த ஒருவர் இருக்கிறார், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்பத்தா சுகர் இல்லாமல் எண்பது வயதுக்கு மேல் இருந்தார், கூழும் கம்மங்கஞ்சியும்தான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் நம்பினோம். அவர் விடிவதற்குள் ஊருணிக்குப் போய்த் தண்ணீர் தூக்கி, மீன் கூடையைத் தலையில் வைத்து உள்ளூர்க் கிராமங்களுக்கு நடந்து விற்று, சாயங்காலம் விறகோடு திரும்புவார். தண்ணியில்லாக் காடு என்று வெளியூர்க்காரர்கள் சொன்ன சீமையில் நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான். மழை நம்பி விதைத்த சித்திரைக்கார் சிவப்பரிசி விளைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்றைக்கு மூன்று வேளையும் அரிசி, உழைப்போ தராசுக்கு முன்னால் நிற்பது. சிவப்பரிசி நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். சிவப்பு இருப்பது தவிட்டில், தவிடு போகாமல் இருந்தால் கொஞ்சம் மெல்லச் செரிக்கும், பாலிஷ் போட்டுவிட்டால் அதுவும் வெள்ளை அரிசிதான். புழுங்கல் அரிசி பச்சரிசியைவிட ஓரளவு தேவலை. அவ்வளவுதான், அதற்கு மேல் எந்த அரிசியிலும் மந்திரம் கிடையாது.

ஒரு நாள் வீட்டில் என் மதியத் தட்டை அப்படியே தராசில் வைத்தேன். தட்டின் எடையைக் கழித்தால் சோறு மட்டும் 520 கிராம். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம் என்று கணக்குப் போட்டால் ஒரு வேளைக்கு 145 கிராம். எங்கள் பக்கம் ஆளுக்கு ஒரு நாளைக்கு உழக்கு அரிசி என்று பழைய கணக்கு, என் வீட்டு உழக்கை நிறுத்தால் 280 கிராம் அரிசி பிடிக்கிறது. மாடு மாதிரி உழைத்த காலத்துக் கணக்கு அது. மலைபோல் இருந்த அந்தச் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு துண்டு மீன், கொஞ்சம் குழம்பு. அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சோறு அவ்வளவு இருக்கக் காரணம் பக்கத்தில் வேறு எதுவும் இல்லாதது. எங்கள் குழம்பு ஒரு காரணம். முண்டு மிளகாய் அரைத்துப் புளி கரைத்து வைக்கும் குழம்பு, ருசிக்கு உலகத்தில் ஈடு கிடையாது, ஆனால் அந்தக் காரத்தை அடக்கச் சோறுதான் வேண்டும். ஒரு துண்டு மீனின் வாசனையை வைத்து மூன்று அகப்பைச் சோற்றை உள்ளே தள்ளுவதற்காகவே உண்டான சமையல் அது. வறுமையில் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம், இன்று அதுதான் நம்மைப் படுத்துகிறது.

2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வில் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். அதே ஆய்வில் இருந்து 2025இல் இன்னொரு கட்டுரை வந்தது, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருகிறதாம். அதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த சேதி, வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றிப் போட்டால் மட்டும் நோய் வரும் வாய்ப்புக் குறைவதில்லை, மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்ற புரதத்தை வைத்தால்தான் குறைகிறது என்பது. என் டைரியில் இருந்த சப்பாத்திக்கும் கூழுக்கும் பதில் அங்கே இருந்தது.

அதனால் நான் தட்டைத் திருப்பிப் போட்டேன். இப்போது சோறு 180 கிராம், ஒரு கிண்ணத்தில் அளந்து. முதலில் கீரையோ புடலங்காயோ அவரைக்காயோ ஒரு கிண்ணம் நிறைய, அதைத் தின்ற பிறகு மீன், சோறு கடைசியில். இந்த வரிசையிலும் பலன் இருக்கிறது, காயும் புரதமும் முன்னால் போனால் சர்க்கரை மெல்ல ஏறுகிறது என்று 2015இல் அமெரிக்காவில் சின்ன அளவில் செய்து பார்த்தார்கள், என் மீட்டரும் ஒப்புக்கொண்டது. சாப்பிட்டதும் படுக்காமல் பதினைந்து நிமிஷம் கடற்கரை ரோட்டில் நடை, செருப்புப் போட்டுத்தான். மீனுக்குப் பெரிய மீன் வேண்டியதில்லை. சீலாவும் விளமீனும் ஏலத்தில் போகட்டும், நண்டும் கணவாயும் கம்பெனிக்குப் போகட்டும், சாளையும் சூடையும் காரலும் நமக்குக் கிடைக்கும், 100 கிராம் சாளையில் 18 கிராமுக்குக் குறையாமல் புரதம், மாவுச்சத்து கிடையாது. புளி குறைத்து அவித்தால் நான்கைந்து மீனைச் சோறு இல்லாமலே தின்னலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் விலை ஏறும், அப்போது முட்டை, தட்டாம்பயறு, ரேஷன் துவரம் பருப்பு. கருவாடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் உப்பு அதிகம், பிரஷர் இருப்பவர்கள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அரிசியை மட்டும் வாங்கிப் போகிறவர்களிடம் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ பருப்பு இருக்கிறது, விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

என் ஹெச்பிஏ1சி இப்போது 6.9. மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது, டாக்டர் குறைத்தது. சோறு இன்னமும் தினமும் சாப்பிடுகிறேன்.

அக்காவுக்குத்தான் இறங்கவே இல்லை. மூன்று வருஷமாகச் சுகர், ஹெச்பிஏ1சி 9க்குக் கீழே வரவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, தவறாமல் போடுகிறாள். வாய் கட்டுவதில்லை, சோறு நிறையத் தின்கிறாள் என்று மச்சானும் பையனும் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் ராத்திரி அவள் வீட்டில் சாப்பிட்டேன். மச்சான் கொண்டுவந்த பாறை மீன், ஏழு துண்டு. மச்சானுக்கு இரண்டு, மகனுக்கு இரண்டு, மாசமாக இருக்கும் மருமகளுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று, தம்பி வந்திருக்கிறான் என்று எனக்கு ஒன்று. எல்லாரும் எழுந்த பிறகு அக்கா அந்தக் குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு, வழித்துப் பிசைந்து, அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மீன் வாங்கி, செதில் உரசி, அரைத்து வைத்தவள் அவள். அவள் சட்டியில் ஒரு முள்கூட இல்லை. சின்ன வயதில் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டார்கள், சட்டிச் சோறுதான் ருசி என்று சொல்வார்கள், நாங்களும் நம்பி ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்போம். அன்றைக்கு என் தொண்டை அடைத்துவிட்டது.

"அக்கா, உனக்கு மீன் எங்க?"

"எனக்கு எதுக்குடா, குழம்பு இருந்தாப் போதும்."

மச்சான் கை கழுவிக்கொண்டு நின்றார். அவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அக்காவைச் சோற்றைக் குறை என்று திட்டுகிறோமே, குறைத்தால் அவள் எதைத் தின்று வயிற்றை நிரப்புவாள், யாராவது யோசித்தோமா மச்சான் என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சமைச்சு இறக்குனதும் உன் துண்டை முதல்ல எடுத்து மூடி வச்சிரு" என்று அக்காவைப் பார்க்காமலே சொன்னார்.

முந்தாநாள் அக்கா போன் செய்தாள். ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 188 என்று சொன்னாள், போன மாதம் இதே நேரம் 270. மூடி வைத்த கிண்ணத்தைப் பேரன் திறந்து பார்த்துவிட்டு அப்பத்தாவுக்கா என்று கேட்டானாம், ஆமாம் என்றாளாம், மறுபடி மூடி வைத்துவிட்டுப் போனானாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் இந்த மாதத்துப் பருப்பு வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது, காலையில் வந்து வாங்கிக்கொள் என்றேன்.